எகிறுமா, அடங்குமா?

குழாய்த் தண்ணீர், விமான இறக்கையைத் தழுவிப் போகும் காற்று இரண்டின் ஓட்டத்தையும் சொல்பவை நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள். 1822-இல் பிரெஞ்சுப் பொறியாளர் நேவியர் தொடங்கியதை, 1845-இல் ஸ்டோக்ஸ் செம்மையாக்கினார்.

சீராகத் தொடங்கும் ஓட்டம் கடைசிவரை சீராகவே இருக்குமா? இல்லை, எங்கோ ஒரு புள்ளியில் வேகம் எல்லையில்லாமல் எகிறிவிடுமா? இரு பரிமாணத்தில் எகிறாது, அது நிரூபணமாகிவிட்டது. முப்பரிமாணத்தில்தான் வம்பு. அங்கே சுழல்கள் நீண்டு, மெலிந்து, வேகம் பிடிக்கின்றன. திரவத்தின் உள் உராய்வான பாகுத்தன்மை அவற்றை அடக்கப் பார்க்கிறது.

1934-இல் ழான் லெரே என்ற பிரெஞ்சுக்காரர், இந்தச் சமன்பாடுகளுக்குத் தீர்வு என்று ஒன்று எப்போதும் உண்டு எனக் காட்டினார். அது சீரானதுதானா என்பது மட்டும் பிடிபடவில்லை. பிறகு உலகப் போர். 1940-இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, ஆஸ்திரியாவில் ஒரு முகாமில் கிடந்தார். திரவ இயக்க நிபுணர் என்று தெரிந்தால் ஜெர்மானியர் போர் வேலைக்கு இழுப்பார்களே! அதனால் இடவியல் என்ற கணிதக் கிளைதான் தன் துறை என்று சொல்லிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், முகாமிலேயே அந்தத் துறைக்குப் புதுப்பாதை போட்டுவிட்டார்.

2000-இல் கிளே கணித நிறுவனம் முப்பரிமாண ஓட்டம் எகிறுமா என்ற கேள்விக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. எகிறாது என்று நிரூபித்தாலும் பரிசு. எகிறும் என்று காட்டினாலும் அதே பரிசு.