அச்சத்தை எழுதிப் பார்ப்போம்

ஒரு வேலையைத் தொடங்கும் நேரத்தில், "இதில் என்ன தவறு நேரலாம்?" என்று ஒருவர் கேட்டால், "நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசாதே" என்று அவரை அடக்கிவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் பலருடைய உயிரையும் பொருளையும் காப்பவர். அவர் சொல்வதை எழுதி வைக்க உதவும் ஒரு பலகையைப் பற்றி இன்று பேசுவோம்.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் யார் யாருக்கு எந்த வேலை என்று சொல்லிவிடுவார்கள். மழை பெய்தால் எந்தச் சரிவு வழுக்கும், எந்தப் பாலத்தின் பலகை உளுத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே நாள்தோறும் நடப்பவருக்குத்தான் தெரியும். தெரிந்தது மனத்திலேயே தங்கிவிட்டால், அடுத்து வருபவர் விழுவார்.

இப்போது கைத்தொலைபேசியிலும் கணினியிலும் மின்னிலக்க வெண்பலகை என்ற வசதி உண்டு. மிரோ, மைக்ரோசாஃப்ட் வொயிட்போர்ட் போன்றவை அவ்வகையின. பள்ளிக்கூடக் கரும்பலகை ஒரே அறையில் இருக்கும். இந்தப் பலகையையோ பினாங்கில் இருப்பவரும், கெடாவில் தோட்டத்தில் இருப்பவரும், சிங்கப்பூரில் வேலை செய்பவரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆளுக்கொரு சிறு சீட்டில் தமக்குத் தெரிந்த ஆபத்தை எழுதி அதில் ஒட்டலாம். பொறியியலாளரின் சீட்டும் கூலித் தொழிலாளியின் சீட்டும் அங்கே ஒரே அளவுதான்.

எழுதியபின் கணக்குப் போட வேண்டும். நம் நாட்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2008இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு ஓர் எளிய முறையைத் தருகிறது. ஆபத்து நேரும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். நேர்ந்தால் விளையும் கேட்டுக்கு 1 முதல் 5 வரை மற்றோர் எண். இரண்டையும் பெருக்க வேண்டும். 15 முதல் 25 வரை வந்தால் பெரிய ஆபத்து. 5 முதல் 12 வரை நடுத்தரம். 1 முதல் 4 வரை சிறியது.

டத்தோ கிராமாட்டில் ஒரு பழைய வீட்டின் கூரையை அக்டோபர் மாதத்தில் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் எல்லாருக்கும் தோன்றுவது மழை. 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தைக் கண்டவர்கள், மழை வரும் வாய்ப்புக்கு 5 போடத் தயங்கமாட்டார்கள். ஆனால் சாமான் நனைவது பொறுத்துக்கொள்ளக்கூடிய நட்டம். அதற்கு 2 போதும். பெருக்கினால் 10. கூரையில் ஏறுபவர் தவறி விழும் வாய்ப்புக்கு 4. உயிரே போகக்கூடும் என்பதால் கேட்டுக்கும் 4. பெருக்கினால் 16! நாம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, பெரிய ஆபத்து ஏணியின் உச்சியில் நிற்கிறது. உறுதியான சாரமும் பாதுகாப்பு வாரும் வைத்தால், விழும் வாய்ப்பு 2 ஆகும்; கணக்கு 8க்கு இறங்கும். அந்தச் சீட்டின் பக்கத்தில், சாரத்தைச் சரிபார்ப்பவர் யார், எந்த நாளுக்குள் என்பதையும் எழுதிவிட வேண்டும். பெயரும் நாளும் இல்லாத சீட்டினால் பயனில்லை.

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. 2017 அக்டோபர் 21ஆம் நாள், தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளம் ஒன்றில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையம், அது தவிர்த்திருக்கக்கூடிய விபத்தே என்று கண்டது. தவிர்க்கக்கூடியது என்றால், முன்கூட்டியே பார்த்து, சொல்லி, செய்திருக்க வேண்டியது என்றுதானே பொருள்?

தொழிலாளர் பேச்சுக்குச் சட்டமும் இடம் தருகிறது. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, வேலையிடத்து ஆபத்துகளை மதிப்பிடுவது முதலாளியின் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கூகுள் நிறுவனத்தின் ஜாம்போர்ட் என்ற பலகைச் சேவை 2024 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. பலகையும் ஒரு நாள் மறையக்கூடும்! ஆகவே எழுதியதைத் தாளிலும் ஒரு படி எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி வசதி இல்லாதவர்களுக்கு ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கமும் ஓர் எழுதுகோலும் போதும்.

அடுத்து உங்கள் வீட்டில் ஒரு வேலை தொடங்கும்போது, எல்லாரையும் உட்கார வைத்து ஆளுக்கொரு சீட்டு கொடுங்கள். வயதான பாட்டிக்கும் ஒன்று கொடுங்கள். எழுத இயலாவிட்டால் அவர் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும். பெரிய எண் வந்த சீட்டை முதலில் கவனியுங்கள். வேலை முடியும்வரை வாரம் ஒரு முறை அந்தக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.