ரெண்டு பாக்கெட்டுக்கு ஒரே பாக்கெட்

2015 டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தாங்க. அடையாறு கரையோரம் நிறைய இடத்துல கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல.

அப்படி ஒரு ராத்திரியில, தட்டுத்தடுமாறி ஓடுற ஒரு டவர் வெள்ள எச்சரிக்கையை ரெண்டு பாக்கெட்டா அனுப்புதுன்னு வெச்சுக்கோங்க. உங்க போனுக்கு முதல் பாக்கெட் மட்டும் வந்துச்சு, பக்கத்து வீட்டுக்கு ரெண்டாவது மட்டும். வழக்கமா ரெண்டையும் திரும்ப அனுப்பணும். நெட்வொர்க் கோடிங்ல ஒண்ணு போதும். முதலாவது 5, ரெண்டாவது 3னா, கூட்டி 8ஐ அனுப்பிடலாம். கையில இருக்கிறதைக் கழிச்சா, விட்டுப்போனது கிடைச்சுடும். யாருக்கு எது போச்சுன்னு டவர் கேட்கவே வேண்டாம்!

ஆல்ஸ்வீடே, காய், லீ, யெங் நாலு பேரும் 2000ல வெளியிட்ட கட்டுரைதான் இதுக்கு அடித்தளம். தண்ணி ஏறும்போது, பாதி எச்சரிக்கையை வெச்சு யாரும் வீட்டைக் காலி பண்ண மாட்டாங்க.