மருந்துக் கடையும் கவிதை ஏடும்



புரவலர் இன்றிப் புலவர் இல்லை என்பது பழையதொரு கருத்து. புலவரிடம் புரவலர் எதனை எதிர்பார்க்கலாம், புலவர் எதனைக் கொடுக்க மறுக்கலாம் என்னும் வினாக்கள் அக்கருத்தினுள்ளே அடங்கியிருக்கின்றன. பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் இவ்வினாக்களை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானது. அதற்குத் துணைசெய்யும் வரலாறு ஒன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கிடைக்கின்றது. அது லில்லி குடும்பத்தின் நான்கு தலைமுறை வரலாறு.

களமும் கடையும்

எலை லில்லி 1838இல் பால்டிமோரில் பிறந்தவர். பதினாறாம் வயதில் லஃபாயெத் என்னும் ஊரில் ‘நல்ல சமாரியன்’ எனப் பெயர்ப்பலகை தாங்கிய மருந்துக் கடையைக் கண்டு, அங்கேயே தொழில் பயிலச் சேர்ந்தார். தமக்கெனக் கடை வைத்துச் சிறிது காலமே ஆகியிருந்த நிலையில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1862இல் பீரங்கிப் படைப்பிரிவொன்றைத் திரட்டி அதற்குத் தலைமை ஏற்றார். 1863இல் சிக்கமாகா பெரும்போரில் நின்றார். 1864இல் அலபாமாவில் பகைவரிடம் சிறைப்பட்டு, பின்னர் மீண்டார். கர்னல் என்னும் பட்டம் இறுதிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

போர் செய்யாத அழிவைப் போருக்குப் பிந்தைய அமைதி செய்தது. மிசிசிப்பியில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி பயிரிட்டார். 1866இல் அவர் மனைவி எமிலி மலேரியாவுக்கு இரையானார். விளைச்சலும் பொய்த்தது. 1868இல் லில்லி கடனாளியாக, நொடித்துப்போனவராக நின்றார். மகன் ஜோசையா பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்தான்.

தெரிந்த தொழிலே கைகொடுத்தது. 1869இல் இல்லினாய் மாநிலத்தில் பாரிஸ் என்னும் பெயருடைய சிற்றூரில் கூட்டாளி ஒருவருடன் மருந்துக் கடை திறந்தார். மறுமணமும் செய்துகொண்டார். அக்கடையில் கிடைத்த ஊக்கமே 1876இல் இந்தியானாபொலிஸ் நகரில் சொந்த மருந்துக்கூடம் அமைக்கும் துணிவைத் தந்தது. முதல் 1,400 டாலர், பணியாளர் மூவர். அம்மூவருள் ஒருவன் பதினான்கு வயது ஜோசையா. உள்ளடக்கம் இன்னதென்று சொல்லாத ‘சகலநோய் நிவாரணிகள்’ சந்தையை நிறைத்திருந்த காலம் அது. லில்லியோ மருத்துவர் எழுதித் தரும் முறையான மருந்துகளையே செய்ய முனைந்தார். தொடக்கத்தில் அவர் செய்தவற்றுள் மலேரியாவுக்குரிய கொய்னாவும் ஒன்று. எமிலியின் மறைவோடு இதனைச் சேர்த்துப் பார்க்கும்பொழுது நெஞ்சம் கனக்கின்றது.

துயரம் அத்துடன் நிற்கவில்லை. 1884இல் பதின்மூன்று வயது மகள் எலினார் தொண்டை அடைப்பான் நோயால் மாண்டாள். அந்நோய்க்கான எதிர்நஞ்சு மருந்து அடுத்த பத்தாண்டில்தான் பயனுக்கு வந்தது. மகளின் பெயரால் 1895இல் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று அமைய உதவிய கர்னல், 1898இல் காலமானார்.

பொருளும் கலையும்

மகன் ஜோசையா மருந்தியல் கற்றுத் தொழிலை வளர்த்தார். 1923இல் இன்சுலினைப் பேரளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்நிறுவனமே. நூறாண்டு கழித்து, அதே இன்சுலினின் விலை குறித்து எழுந்த கடுங்கண்டனத்துக்கு இடையே 2023இல் விலையைக் குறைக்க நேர்ந்ததும் அதன் வரலாற்றில் ஒரு பக்கம். செல்வத்தின் இருமுகங்களையும் காண்பதே நேர்மை.

இக்குடும்பத்தார் கலையிலும் தோய்ந்தவர்கள். ஜோசையா பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் படைப்புகளைத் தேடித் தொகுத்தார். அவர் மக்களுள் மூத்தவர் தொல்லியலில் ஈடுபட்டு நூல் எழுதினார். இளையவர் திரட்டிய அரிய நூல்களும் கையெழுத்துப் படிகளும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1960இல் தனி நூலகமாயின. அந்த இளையவரின் மகளே ரூத் லில்லி.

கொடுத்தவரும் மறுத்தவரும்

ரூத் 1915இல் பிறந்தார். சிகாகோவில் ஹேரியட் மன்றோ 1912இல் நிறுவிய ‘பொயட்ரி’ என்னும் கவிதை ஏடு, எலியட்டின் ‘புரூஃப்ராக்’ கவிதையை வெளியிட்ட ஆண்டும் அதுவே. ரூத்தின் வாழ்நாளில் பெரும்பகுதி மனச்சோர்வு நோயில் கழிந்தது. குடும்ப நிறுவனமே பின்னாளில் வெளியிட்ட புரோசாக் மருந்து அவருக்கு ஓரளவு ஆறுதல் தந்தது. அவர் கவிதை எழுதினார், அவ்வேட்டுக்கு அனுப்பினார். அவை திரும்பி வந்தன. மறுப்புடன் ஆசிரியர் ஜோசப் பரீசி தம் கைப்பட எழுதிய கனிவான குறிப்பும் வந்தது.

1986இல் அவர் பெயரால் கவிஞர்க்குப் பெரும்பரிசு நிறுவப்பெற்றது. முதற்பரிசு ஏட்ரியன் ரிச்சுக்குக் கிடைத்தது. அதன் பின்னரும் ரூத்தின் கவிதை அவ்வேட்டில் இடம்பெறவில்லை. 2002இல் ஏறத்தாழ 10 கோடி டாலர் பெறுமானமுள்ள கொடையை அவ்வேட்டுக்கு அவர் வழங்கினார். 2009இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

தம்மை நேரிற் காணாது அதியமான் அளித்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு காட்டுகின்றது. அங்கே புலவரின் பெருமிதம் பொருளினும் உயர்ந்து நின்றது. சிகாகோவில் ஏட்டின் தரம் பற்றிய தீர்ப்பு, பரிசு நிறுவியவர் என்பதற்காக வளையவில்லை. அத்தீர்ப்பால் தாம் மறுக்கப்பட்டபோதும் கவிதையின்மீது கொண்ட அன்பை ரூத் கைவிடவில்லை. கொடுத்தவர், மறுத்தவர் இருவருமே போற்றத்தக்கவர்.

இலக்கிய வட்டங்கள் நன்கொடையால் மலர் வெளியிடுகின்றன, அரங்கம் அமைக்கின்றன. நன்கொடை தந்தவரின் கவிதைக்கு அவ்வரங்கில் முதலிடம் அளிக்கும் வழக்கமும் ஊரெங்கும் உண்டு. அவ்வழக்கம் கவிதையையும் தாழ்த்துகின்றது. கொடுத்தவரையும் விலைகொடுத்து வாங்கியவராக்குகின்றது. மறுக்க வேண்டியதைக் கனிவோடு மறுக்கும் ஆசிரியரும், மறுப்புக்குப் பின்னும் மனம் சுருங்காத அன்பரும் இந்த வட்டத்தில் பெருகுவாராக. அடுத்த பத்தாண்டுக்கு அதனினும் சிறந்த முதலீடு வேறில்லை.