குழாயில் வந்தால் மார்க்கு, தொட்டியில் வந்தால்?



'பள்ளியில் தொழில்நுட்பம் ஒரு பாடமாக வேண்டும்' என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு ஊர் அணைக்கட்டு. வேதியியல் வாத்தியார், ஓய்வு பெற்றவன். எங்க பக்கம் காலையில ரோட்டுல நின்னா ஷூ கம்பெனி பஸ் வரும், பொண்ணுங்களை ஏத்திக்கிட்டுப் போகும். பள்ளிக்கூடத்துக்குப் போற பஸ் லேட்டா வரும்; கம்பெனி பஸ் ஒரு நிமிஷம் தப்பாது! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் 'குலக்கல்வி' என்று சொன்னதும் கை தட்டினீர்கள். நானும் மனசுக்குள்ள தட்டினேன். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம்: பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். 1954-ல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். 2020-ல் புதிய கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்றபோது, தமிழ்நாடு மறுபடி அதே பேரைச் சொல்லித்தான் எதிர்த்தது. அந்தப் பயம் நியாயமானது.

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு ஒரு தகப்பனார் வந்தார். டேனரித் தொழிலாளி. கையை நீட்டிக் காட்டினார். "சார், சுண்ணாம்பு தின்ன கை இது. எங்கப்பாருக்கும் இதே கைதான். எம் புள்ளைக்கும் இதையா சொல்லித் தரப் போறீங்க?" என்றார். என்கிட்ட பதில் இல்லை.

1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. நல்ல எண்ணம்தான். ஆனா அதுல யாரைச் சேர்த்தோம்? மார்க்கு குறைஞ்சவனை! 'உனக்கு இதுதான் வரும், போய் உட்காரு' என்றோம். அது பாடமா? ஒதுக்குப்புறம்! (கைதட்டல்) நான் கேட்பது அதை இல்லீங்க. டேனரி முதலாளி பிள்ளையும் தொழிலாளி பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற பாடம்.

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் உப்பைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். குழாயில் உப்பைப் போட்டு, நீர்த்த அமிலத்தை விடுவான். அழுகின முட்டை நாத்தம் வந்தா சல்பைடு. எழுதிட்டான், மார்க்கு வாங்கிட்டான்.

டேனரியில் என்ன நடக்குது? தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுறாங்க. அப்புறம் குரோமியம் ஏத்துறதுக்கு முன்னாடி அமிலத்தில் ஊற வைக்கிறாங்க. இந்த இரண்டு கழிவுத் தண்ணியும் ஒரே தொட்டியில் சேர்ந்தா? அதே வாயுதானே! ஹைட்ரஜன் சல்பைடு. காத்தைவிடக் கனம், அடியில் தேங்கி நிக்கும். இன்னொரு கொடுமை: கொஞ்சமா இருந்தா நாறும், அதிகமா இருந்தா மூக்கே மரத்துப்போகும். 'நாத்தம் நின்னுபோச்சு, இறங்கலாம்' என்று இறங்குறவன் திரும்ப மாட்டான்.

என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன். தொட்டியில் மயங்கி விழுந்தவரைத் தூக்கப் பின்னாடியே இறங்கினான். இரண்டு பேரையும் மேலே கொண்டுவந்தாங்க, உசிரில்லை. அவன் செய்முறைத் தேர்வில் முழு மார்க்கு. சல்பைடு என்று எழுதின பக்கத்தில் சிவப்பு மையில் 'ரைட்' போட்டவன் நான்தான். அந்த வாயுதான் நம்ம ஊர்த் தொட்டியில் இருக்குன்னு நான் சொல்லலை. பாடத்தில் இல்லை. (அரங்கில் அமைதி)

1996-ல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தரணும் என்று தீர்ப்புச் சொன்னது. பாலாற்றுக்காக வந்த தீர்ப்பு. இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரியில் படிக்கிறாங்க. பாலாற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் யார் நடத்துறது?

கம்ப்யூட்டர் மட்டும் போதாதா என்றார் எதிரணித் தங்கை. கம்ப்யூட்டரும் இருக்கட்டும்மா. கிணத்துத் தண்ணி ஏன் உப்பாச்சு, பச்சைத்தோல் கெடாம இருக்கப் போட்ட உப்பு எங்கே போச்சு என்று அளந்து பார்க்கிறதும் தொழில்நுட்பம்தான்.

நடுவர் மணி மேல கை வைக்கிறார்... ஒரே நிமிஷம் ஐயா. அந்தத் தகப்பனார் இன்னிக்குத் திரும்பி வந்தா சொல்லுவேன்: "உங்க கைவேலையைச் சொல்லித் தர இல்லைய்யா. சுண்ணாம்பு ஏன் தோலைத் தின்னுது, கையுறை யார் வாங்கித் தரணும், தொட்டியில் இறங்கச் சொன்னா எதை அளந்து காட்டச் சொல்லணும், அதைச் சொல்லித் தரப் போறேன். முதலாளி மகனும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே படிப்பான்."

(மணி ஒலிக்கிறது)