கொல்லிமலையின் அவை



எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டுக்கு வந்து சேரும்வரை, யாருடைய நினைவாக இந்த அறக்கட்டளை நடக்கிறதோ அந்த ஆசிரியரையே எண்ணிக்கொண்டு வந்தேன். கடையெழு வள்ளல்களை அவர் ஒருநாளும் பட்டியலாக நடத்தியதில்லை. மயிலுக்குப் போர்வை பேகன், முல்லைக்குத் தேர் பாரி என்று ‘பொருத்துக’ வினாவுக்குப் படித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிடுகிறோமே என்பது அவருடைய ஆற்றாமை. அந்தப் பட்டியலில் கொல்லியை ஆண்ட நம் ஓரிக்கு மிஞ்சுவது ஓர் அம்பு மட்டுமே.

புறநானூற்றின் 152, 153ஆம் பாட்டுகளில் வன்பரணர் ஓரியைப் பாடுகிறார். 204இல் கழைதின் யானையார் பாடுகிறார். முதல் பாட்டில் அந்த அம்பு வருகிறது. யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய், புற்றில் கிடந்த உடும்பில் தைக்கிறது. அதற்குப் பின்தான் எனக்குப் பிடித்த இடம். எதிரே நிற்கும் வேடன் யாரென்று பாணர் கூட்டத்துக்குத் தெரியாது. தோற்றத்தைப் பார்த்தால் கூலிக்கு வேட்டையாடுபவனாகத் தெரியவில்லை. முழவுக்கு மண் பூசி, யாழுக்குப் பண் சேர்த்து, இருபத்தொரு துறையும் பாடி, ‘கோவே’ என்று விளிக்கிறார்கள். அவன் நாணுகிறான். உனக்கு நிகரான வேட்டுவர் எந்த நாட்டிலும் இல்லை என்று மேலும் சொல்லப் போனவர்களைப் பேசவிடாமல், வேட்டையில் கிடைத்த மானின் வெந்த தசையையும் உருக்கிய நெய் போன்ற மதுவையும் தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணிகளையும் அந்தக் காட்டிலேயே கொடுத்துவிடுகிறான்.

அரண்மனை இல்லை, அரியணை இல்லை. பாட்டு நடந்த இடமே அவை. அம்பைவிட அந்த நாணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அடுத்த பாட்டு இன்னும் நுட்பமானது. ஓரியின் கொடையைக் காணப் போன கூத்தர்கள் வெள்ளி நாரில் தொடுத்த பொற்குவளையும் அணிகலன்களும் யானைகளும் பெற்றுத் திரும்புகிறார்கள். வாத்தியம் முழங்குகிறது, ஆனால் அவர்கள் ஆடவில்லை, பாடவும் மறந்துவிட்டார்கள். பசி போய்விட்டதனால்தானோ என்று கேட்கிறார் வன்பரணர். புகழ்ச்சிதான். ஆனாலும் வயிறு நிறைந்தால் கலை என்னவாகும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. புரவலனைப் பாடும் பாட்டிலேயே அதைக் கேட்டு வைக்க ஒரு புலவரால் முடிந்திருக்கிறது.

எப்படி முடிந்தது? இதற்கு விடை சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவைகள் பல இருந்தன; அதனால் முடிந்தது. கொல்லியில் ஓரி, பறம்பில் பாரி, முள்ளூரில் காரி, தகடூரில் அதியமான். ஒரு வாயில் அடைத்தால் இன்னொரு மலை இருந்தது. கொடு என்று கேட்பது இழிவு, இல்லை என்பது அதனினும் இழிவு. ஏற்றுக்கொள் என்று தருவது உயர்வு, வேண்டாம் என்பது அதனினும் உயர்வு என்ற பொருளில் கழைதின் யானையார் பாடியது இந்த ஓரியின் முன்னால்தான். கிடைக்காவிட்டால் நாளையும் நிமித்தத்தையும் நொந்துகொள்வேனே தவிர உன்னை வெறுக்கமாட்டேன் என்று முடிக்கிறார். நடந்து போக வேறு வழி உள்ளவரின் பணிவு அது. கொடுப்பது எளிது, தகுதி அறிவதுதான் அரிது, புலவரைப் பொதுவாக நோக்காதே என்று காரிக்கே கபிலர் அறிவுரை சொன்னார். மனைவியைப் பிரிந்திருந்த பேகனிடம் போன பரணரும் அரிசில்கிழாரும் பொருள் வேண்டாம், இன்றே தேர் ஏறி அவளிடம் போ என்றார்கள்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்துத் தென் பிரான்சிலும் இதே நிலத்தோற்றம். குன்றுக்கொரு கோட்டை, கோட்டைக்கொரு சிற்றரசு. அங்கே ஆக்சிதான் மொழியில் பாட்டுக் கட்டியவர்கள் துருபதூர்கள். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாடியவர்கள் ஜோக்லார்கள். நம் புலவரும் பாணரும் போலத்தான், ஒருவரே இரண்டுமாக இருந்ததும் உண்டு. நமக்குத் தெரிந்த முதல் துருபதூர் 1071இல் பிறந்த அக்கித்தேன் கோமகன் கிய்யோம், புரவலனே புலவன். பெண்களும் பாடினார்கள், நம் ஔவையைப் போல. புறநானூற்றுப் பாட்டின் அடியில் யார் யாரைப் பாடியது என்று உரைநடைக் குறிப்பு இருக்கிறதல்லவா, துருபதூர்களின் ஏடுகளிலும் பாட்டோடு ‘விதா’ என்ற சிறு வரலாறுகளை 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தார்கள். பாட்டைத் தொகுத்த இரண்டு நாட்டாருக்கும் பாடியவர் பெயர் தொலைந்துவிடக் கூடாதே என்ற கவலை இருந்திருக்கிறது. வடக்கே ஷம்பாஞ் சீமாட்டி மரீ, லான்சலாட் கதைக்கான பொருளைத் தானே கொடுத்து எழுதச் சொன்னதாகக் கவிஞர் கிரெத்தியான் தம் நூலின் தொடக்கத்தில் குறிக்கிறார். ஓரி அப்படி எதையும் பாடச் சொன்னதாக இந்தப் பாட்டுகளில் இல்லை. 1209இல் தொடங்கிய சிலுவைப் போர் தெற்கின் அந்தச் சிற்றவைகளைச் சிதைத்தது. பாடகர்கள் அரகோனுக்கும் இத்தாலிக்கும் போனார்கள்.

இந்த மலையின் பிற்காலச் சான்று ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறப்பள்ளி இறைவன் மேல் அம்பலவாணக் கவிராயர் பாடிய சதகத்தில், பாட்டுக்குப் பாட்டு முடிப்பில் புரவலர் மதவேளின் பெயர் வருகிறது. நன்றிக்கு அது அழகான முறை. ஆனால் கோவே என்றதற்கு நாணியவனின் காலம் அதற்குள் போய்விட்டது.

ஓரியின் முடிவு உங்களுக்குத் தெரியும். காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது கல்லாடனாரின் அகநானூற்றுப் பாட்டு. கபிலர் காரியிடம் பரிசில் பெற்றவர். அவரே குறுந்தொகையில் ஒரு பெண்ணின் அழகுக்கு ஓரியின் கொல்லிப் பாவையை உவமை சொன்னவர். நற்றிணை 320இல் ஊர்த் தெருவில் எழுந்த ஓர் ஆரவாரத்தைச் சொல்ல அவருக்கு உவமை தேவைப்படுகிறது. ஓரியைக் கொன்றுவிட்டு அவனுடைய பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சலை எடுத்து அங்கே வைக்கிறார். காரி வென்ற நாளைப் பாடும்போதும் அவர் செவியில் விழுந்தது ஓரியின் ஊரார் குரல்.