தொழில்முனைவுப் படிப்பு: சேரும் முன் போட வேண்டிய கணக்கு

(நம் கிளப் ஹவுஸில் நடந்த ‘ப்ளஸ் டூவுக்குப் பிறகு’ நிகழ்ச்சியில், பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற சி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் வெளியிடுகிறோம்.)



இன்ஜினீயரிங், மெடிக்கல், சி.ஏ. பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு, தொழில்முனைவும் புத்தாக்கமும் சார்ந்த பிசினஸ் பட்டப்படிப்பு. ஆங்கிலத்தில் ‘ஆன்ட்ரப்ரனர்ஷிப் அண்ட் இன்னோவேஷன்’ என்று பெயர் போட்டு, பி.பி.ஏ.வாகவும் எம்.பி.ஏ.வாகவும் இப்போது நிறைய கல்லூரிகள் நடத்துகின்றன. நம் பிளாக்குகளிலேயே மூன்று, நான்கு வீடுகளில் இது பற்றிப் பேச்சு நடக்கிறது. “படிச்சு முடிச்சுட்டு சொந்தமா ஏதாவது பண்ணப்போறேன்” என்று பிள்ளை சொல்கிறது. “அதுக்கு எதுக்குப் படிப்பு?” என்று அப்பா கேட்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரண பி.பி.ஏ.வில் வரும் கணக்கியல், மார்க்கெட்டிங், நிதி, வணிகச் சட்டம், மனிதவளம் எல்லாம் இதிலும் உண்டு. கூடுதலாக, வாடிக்கையாளரின் தேவையை நேரில் போய்க் கண்டறிவது, மாதிரிப் பொருள் செய்து பார்ப்பது, விலை வைப்பது, முதலீடு திரட்டுவது, காப்புரிமை, டிரேட்மார்க், குடும்பத் தொழில் நிர்வாகம் போன்ற பாடங்கள் வரும். நல்ல கல்லூரியாக இருந்தால் ‘இன்குபேட்டர்’ என்ற பிரிவும் இருக்கும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு இடம், ஆலோசனை, சில சமயம் சிறு தொகையும் கொடுத்துக் கைதூக்கிவிடும் ஏற்பாடு அது. பெங்களூரு ஐ.ஐ.எம்.மில் உள்ள என்.எஸ்.ஆர்.சி.இ.எல்., தரமணியில் உள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸ் இன்குபேஷன் செல் ஆகியவை நம் பக்கத்தில் நன்கு அறியப்பட்ட உதாரணங்கள்.

இந்தத் துறைக்கே பெயர்போன இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பாப்சன் கல்லூரி. 1919-இல் தொடங்கப்பட்டது. அங்கே பல ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு முதலாண்டுப் பாடம் பிரபலமானது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நிஜமான தொழிலைத் தொடங்க வேண்டும். முதலைக் கல்லூரியே கடனாகக் கொடுக்கும். பொருளை வாங்கி, விற்று, கணக்கு எழுதி, ஆண்டு முடிவில் கடனைத் திருப்பிக் கொடுத்து, தொழிலை முறையாக மூடவும் வேண்டும். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை சரக்கு தேங்கிப்போவதையும், கூட்டாளி வேலை செய்யாமல் இருப்பதையும், பணம் வர வேண்டிய தேதியில் வராததையும் பார்த்துவிடுகிறது. நஷ்டம் வந்தாலும் சிறிய நஷ்டம்தான். இந்தப் படிப்புக்கு ஒரு பொருள் உண்டென்றால் அது இதுதான். வெளியே லட்சக்கணக்கில் கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதை, உள்ளே ஆயிரக்கணக்கில் கற்றுக்கொள்ளலாம்.

இந்தியாவில் இதற்கென்றே உருவான மூத்த நிறுவனம் அகமதாபாத்தில் உள்ள இ.டி.ஐ.ஐ. 1983-இல் தொடங்கப்பட்டது. தொழில்முனைவுக்கான முதுநிலை டிப்ளமா நடத்துகிறார்கள். பெங்களூரு ஐ.ஐ.எம்., டிஜிட்டல் பிசினஸ் மற்றும் தொழில்முனைவில் ஆன்லைன் பி.பி.ஏ. நடத்துகிறது. நம் மாநில அரசின் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் கிண்டியில், நமக்கு மெட்ரோவில் போகும் தூரத்தில் இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிகளோடு, அகமதாபாத் நிறுவனத்துடன் சேர்ந்து ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பையும் அது தொடங்கியிருக்கிறது. ஆகவே வழி ஒன்றே ஒன்றுதான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். தொழில் நடத்தப் படிப்பு எதற்கு? கடலூரில் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூ தொடங்கியபோது அவரிடம் எம்.பி.ஏ. இல்லை. எந்தக் கம்பெனியின் காலி சாஷேயாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார். பிறகு சிக்கின் காலி சாஷேக்கு மட்டும்தான் என்று மாற்றினார். ஊரில் எல்லாக் கடையிலும் சிக் கேட்க ஆரம்பித்தார்கள். புத்தாக்கம் என்றால் ரோபோவும் செயலியும்தான் என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இன்னொரு பக்கம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்தவர். பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2010-இல் கம்பெனி தொடங்கினார். 2021-இல் அது அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. படித்தும் வரலாம், படிக்காமலும் வரலாம்.

அப்படியென்றால் எது கற்றுக்கொள்ளக்கூடியது? வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் சரஸ் சரஸ்வதி, தொழிலில் கைதேர்ந்த 27 பேர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று உட்கார்ந்து ஆராய்ந்தார். 2001-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இந்தத் துறை மாணவர்கள் எல்லோரும் இன்று அதைப் படிக்கிறார்கள். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். “இதில் எவ்வளவு லாபம் வரும்?” என்று அவர்கள் தொடங்குவதில்லை. “இது போனால் நான் தாங்குவேனா?” என்று கேட்டுத் தொடங்குகிறார்கள். இதற்குத் தாங்கக்கூடிய இழப்பு என்று பெயர். நம் பாட்டிகள் விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த விதியைத் தொழிலுக்கு முன்னால் இந்தப் படிப்புக்கே போட்டுப் பாருங்கள் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

ஒரு உதாரணக் கணக்கு. மூன்று வருட பி.பி.ஏ., வருடத்துக்கு 5 லட்சம், மொத்தம் 15 லட்சம். முழுவதும் கல்விக்கடன், 10 சதவீத வட்டி. படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகப் பார்த்தாலே கட்டத் தொடங்கும்போது கடன் 19.5 லட்சம் ஆகியிருக்கும். பத்து வருடத்தில் கட்டுவதாக இருந்தால் மாதத் தவணை சுமார் 25,800 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது கிட்டத்தட்ட 31 லட்சம்.

தொழில் தொடங்குகிற பையனோ பெண்ணோ முதல் இரண்டு வருடம் வீட்டுக்கு ஒரு ரூபாய் கொண்டுவர முடியாமல் இருக்கலாம். மாதம் பிறந்தால் 25,800 கட்ட வேண்டியவர் எப்படித் தொழில் தொடங்குவார்? கிடைத்த வேலையில் போய்ச் சேருவார். தொழில் தொடங்கப் படித்த படிப்பே தொழில் தொடங்க விடாமல் செய்துவிடும். கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். திறமையில் ஒரு குறையும் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. கல்விக்கடனில் பெற்றோரும் இணைக் கடன்தாரர். தவணை தவறினால் இரண்டு பேருடைய சிபில் ஸ்கோரும் இறங்கும். நாளைக்குத் தொழில்கடன் கேட்டு வங்கிக்கு வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான். மேலும், பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் சொத்து அடமானம் கேட்கும். மிக முன்னணிக் கல்லூரிகளுக்கு மட்டும் தளர்வு உண்டு. நம்மில் பலருக்குச் சொத்து என்பது இந்த ஃபிளாட்தான். அதன் மேல் ஏற்கெனவே வீட்டுக்கடன் இருக்கிறது.

அதே கணக்கை வருடத்துக்கு 1 லட்சம் கட்டணத்துக்குப் போட்டால் மாதத் தவணை சுமார் 5,150 ரூபாய். டியூஷன் எடுத்தே சமாளித்துவிடலாம். ஆகவே கல்லூரி பிராஸ்பெக்டஸைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தப் படிப்பால் ஒன்றுமே நடக்காவிட்டாலும் நம் குடும்பம் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு? அதுதான் உங்கள் உச்சவரம்பு.

வரம்புக்குள் வரும் கல்லூரிகளுக்கு நேரில் போகும்போது சில விஷயங்களைக் கட்டாயம் கேளுங்கள்.

ஒன்று, மாணவர்கள் உண்மையான பணத்துக்கு எதையாவது விற்கிறார்களா? எந்த ஆண்டில்? பவர்பாயிண்டில் பிசினஸ் பிளான் போட்டு மார்க் வாங்குவதோடு முடிந்தால், அது சாதாரண பி.பி.ஏ.தான். பெயருக்காகக் கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு, பாடம் நடத்துபவர்களில் சம்பளப் பட்டுவாடா செய்து தொழில் நடத்தியவர் யாராவது உண்டா?

மூன்று, இன்குபேட்டரைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கண்ணாடிக் கதவும் பீன் பேக்கும் இருந்தால் போதாது. உள்ளே இன்று யார் வேலை செய்கிறார்கள், மாணவர்களின் கம்பெனியில் கல்லூரி பங்கு கேட்குமா, எவ்வளவு என்று கேளுங்கள்.

நான்கு, படித்து முடித்து மூன்று வருடம் ஆன ஐந்து மாணவர்களிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். விழா மேடையில் நிற்கும் ஒருவரை மட்டும் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

ஐந்து, தொழில் சரிவராவிட்டால் என்ன? சில ஐ.ஐ.எம்.களில் தொழில் தொடங்கப் போகும் மாணவர் பிறகு திரும்பி வந்து பிளேஸ்மென்டில் கலந்துகொள்ளலாம். பிளேஸ்மென்ட் ஹாலிடே என்பார்கள். நீங்கள் பார்க்கும் கல்லூரியில் அப்படி ஏதாவது உண்டா?

ஆறு, அங்கீகாரம். 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்புகளும் ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்துவிட்டன. அவர்கள் இணையதளத்தில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

வரம்புக்குள் நல்ல கல்லூரி அமையவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். கட்டணம் குறைந்த கல்லூரியில் பி.காம். அல்லது விருப்பமான ஒரு பட்டம், கூடவே கிண்டியில் பயிற்சி, ஒரு சிறு கம்பெனியில் இரண்டு வருட வேலை என்பதும் நல்ல பாதைதான். பிறகு தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டம் இருக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம். வட்டியிலும் 3 சதவீதம் மானியம். பொதுப்பிரிவினர் திட்டச் செலவில் 10 சதவீதத்தைத் தங்கள் பங்காகக் கொண்டுவர வேண்டும். விண்ணப்பிக்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கட்டணத்தில் மிச்சம் பிடித்த பணம் அந்த 10 சதவீதமாக உதவும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி பிள்ளைகளுக்கு. உங்களுக்கு இது சரிப்படுமா என்று தெரிந்துகொள்ள மூன்று வருடம் காத்திருக்க வேண்டாம். இந்த விடுமுறையே போதும். நம் வளாகத்தில் 240 வீடுகள். இதைவிட நல்ல பரிசோதனைக் கூடம் எங்கே கிடைக்கும்?

இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் 60 ரூபாய் என்று வைப்போம். அரிசி, உளுந்து, மின்சாரம், கவர் எல்லாம் 40. பாக்கெட்டுக்கு 20 ரூபாய் நிற்கிறது. உதவிக்கு ஒருவர் சம்பளம், கிரைண்டர் தவணை என்று மாதம் 12,000 நிலையான செலவு. அப்படியானால் 600 பாக்கெட், நாளைக்கு 20 பாக்கெட் விற்றால்தான் கை நஷ்டப்படாமல் இருக்கும். இருபத்தொன்றாவது பாக்கெட்டில்தான் லாபம் தொடங்குகிறது. நம் வளாகத்தில் தினமும் 20 வீடு மாவு வாங்குமா? இப்போது யாரிடம் வாங்குகிறார்கள்? ஏன் மாற வேண்டும்? மீந்த மாவை என்ன செய்வீர்கள்? கதவைத் தட்டி முப்பது ஆன்ட்டிகளிடம் கேட்டு எழுதுங்கள். “நல்ல ஐடியாப்பா” என்பதை விடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு இப்பவே பணம் தர்றீங்களா?” என்று கேளுங்கள். அப்போது உண்மை தெரியும்.

கதவைத் தட்டக் கூச்சமாக இருந்தும் பத்தாவது வீட்டில் அது உங்களுக்குப் பிடித்துப்போனால், இந்தப் படிப்பு உங்களுக்கு ஏற்றது. மூன்றாவது வீட்டிலேயே அலுத்துவிட்டால் அதிலும் தவறில்லை. அதைப் பதினேழு வயதில், செலவில்லாமல் தெரிந்துகொண்டது லாபம்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “சொந்தத் தொழில்” என்று பிள்ளை சொன்னவுடன் பக்கத்து வீட்டுப் பையனின் ஐ.டி. சம்பளத்தை எடுத்துச் சொல்லாதீர்கள். வீட்டு வரவு செலவைப் பிள்ளையின் முன்னால் வைத்துப் பேசுங்கள். மாதத் தவணை எவ்வளவு, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்று தெரிந்த பிள்ளை எந்தப் படிப்பிலும் பொறுப்பாக இருக்கும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை பூங்கா அருகே பிள்ளைகள் கடை போட்டுப் பார்க்கச் சங்கம் இடம் தருவதாகச் செயலாளர் சற்றுமுன் என்னிடம் சொன்னார். வாடகை இல்லை. ஆனால் வரவு செலவு நோட்டு ஒன்று வைத்திருக்க வேண்டும், அதை நான் பார்ப்பேன். கல்விக்கடன் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் பெற்றோர் எந்த நாளும் மாலை நடைப்பயிற்சி நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம். கட்டண விவரத்தை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.