பயத்துக்கு அரை மணி நேரம்



எனக்கு மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனது உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். கீமோ, கரண்ட் எல்லாம் முடிஞ்சு, "இனி செக்கப்புக்கு வந்தா போதும்மா" என்று டாக்டர் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குப் பயம் அன்றைக்குத்தான் ஆரம்பிச்சது.

முதுகு வலித்தால் எலும்புக்குப் போயிடுச்சோ, இருமல் வந்தால் நுரையீரலோ என்று நினைப்பு. நாளைக்குப் பத்துத் தடவை மார்பைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டுத் தொட்டே வலிக்கும். வலிக்குதே என்று மறுபடி தொடுவேன். செக்கப்புக்கு மட்டும் போகல. என்ன சொல்லிடுவாங்களோ என்று 2 தடவை தவறவிட்டேன். குழுவில் என் கடன் முறை வந்தபோது இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைச்சீங்க. நான் செத்துட்டா தவணையை யார் கட்டுவாங்க என்கிற பயம் அது.

ஊக்குநர் அக்காதான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனார். "நான் என்ன பைத்தியமா?" என்று பஸ்ஸிலேயே அவரோடு சண்டை. அங்கே இருந்த ஆலோசகர் அம்மா "பயப்படாதீங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லல. பயத்துக்கு நேரம் ஒதுக்கச் சொன்னார். சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரை. மற்ற நேரத்தில் வந்தால், "ஆறு மணிக்கு வா" என்று சொல்லிட்டு வேலையைப் பார்க்கணும். நம்ம குழுக் கூட்டம் மாதிரி பயத்துக்கும் நேரமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆறு மணிக்கு நோட்டில் எழுதணும். பயம் என்ன சொல்லுது, அதுக்கு ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்கா? முதுகு வலி என்று எழுதின அன்று காலையில் 2 சிப்பம் அரிசி தூக்கி இறக்கியிருந்தேன்! மார்பைத் தொட்டுப் பார்ப்பதை மாசத்துக்கு ஒரு நாள் என்று குறைச்சோம். முதல் வாரம் கை பரபரத்தது. புதுசா கட்டி தெரிஞ்சா உடனே டாக்டரிடம் காட்டணும். வலி 2 வாரத்துக்கு மேல் நின்றாலும் காட்டணும். செல்போனில் தேடக்கூடாது. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். 8 வாரம் போனேன்.

பயம் போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. செக்கப்புக்கு முந்தின வாரம் தூக்கம் வராது. ஆனால் போறேன். நேரில் போய்ப் பேசத் தயங்குறவங்க 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ் என்று பேர், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

எனக்கு அடுத்த செக்கப் வர்ற 18-ஆம் தேதி. தையல் மெஷினுக்குக் கடன் மனுவை நேற்றுச் செயலாளர் அக்காகிட்ட கொடுத்துட்டேன். 24 தவணை.